பெங்களூருக்கு மட்டும் மூன்று வாரம் தாமதம்

சவரிராஜ் அண்ணன் இறந்த செய்தி, அவரை அடக்கம் செய்து நாலு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. நான் கேன்டீனில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை மாவுக் கையோடு எடுத்தேன். மும்தாஜ். முன்பு என்னோடு வேலை பார்த்தவள். எப்போது கூப்பிட்டாலும், "உசிரோட இருக்கியா, இல்ல போயிட்டியா" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு அப்படி ஆரம்பிக்கவில்லை.

"கஸ்தூரி, நம்ம சவரி அண்ணன் போயிட்டாங்கடி."

"எப்போ?"

"போன வாரமே. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பல. லிங்கராஜபுரத்துல செவுத்துல போஸ்டர் ஒட்டியிருக்கு. பஸ்ஸுல இருந்து போட்டோவ பாத்தேன். அடுத்த ஸ்டாப்ல எறங்கி, நடந்து வந்து, பூக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டச் சொன்னேன்."

"நமக்கு ஒருத்தரும் சொல்லலையே."

"நமக்கு எதுக்குச் சொல்லுவாங்க" என்றாள் மும்தாஜ்.

அண்ணனுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயில் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு படிப்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஆறாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் சவரிராஜ் அண்ணனைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். வேலை பார்த்த இடத்தில் சரக்கைத் திருடி வெளியே கொடுத்தார், அதனால் அனுப்பிவிட்டார்கள் என்று. யாரும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் தெரியும். அது உண்மையில்லை. எப்படி உண்மையில்லை என்பதைச் சொல்ல, முதலில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வீடியோ கேம் வாங்கி, இங்கே கடைகளுக்குக் கொடுக்கிற ஒரு கம்பெனி. அதன் குடோன் லிங்கராஜபுரத்தில் ஒரு மரக்கடைக்கு மாடியில் இருந்தது. அண்ணன் அங்கே ஸ்டோர் கீப்பர். தொண்ணூற்றொன்றில் பெட்டி இறக்குகிற ஆளாகத்தான் சேர்ந்தாராம். அப்போதெல்லாம் டி.வி.யில் செருகி ஆடுகிற கேசட் கேம். அப்புறம் சி.டி. வந்தது. பெட்டி இறக்கியவர் பெட்டிமேல் எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, சாவி வைத்திருக்கிற ஆளாக ஆகிவிட்டார்.

நான் தொண்ணூற்றொன்பதில் சேர்ந்தேன். எங்கள் வீடு மர்பி டவுனில். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு வீடியோ கேம் பார்லர் வைத்திருந்தார். நாலு டி.வி., நாலு மெஷின், மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடுகிற இடம். அது ஒரு மாதம் ஓடும், ஒரு மாதம் படுக்கும். அதனால் நான் வேலை தேடிப் போனேன்.

"என்ன படிச்சிருக்கே?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆறாவது."

"எண்ணத் தெரியும்ல?"

"தெரியும்ணா."

ஒரு காலி டப்பாவையும் ஒரு தாள் ஸ்டிக்கரையும் தள்ளினார். "ஒட்டு" என்றார். வெளிநாட்டு டப்பாவை அப்படியே விற்கக் கூடாது. இறக்குமதி செய்தவர் பெயர், விலை, மாதம் எல்லாம் அச்சடித்த சின்ன ஸ்டிக்கரை ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். நான் ஒட்டிய டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கோணல் இல்ல. ஆனா அந்த ஆளு மூஞ்சி மேல ஒட்டிட்டே. டப்பாவுல யாரு படம் இருந்தாலும் மூஞ்சி மேல வெலைய ஒட்டாதே. பொம்மையா இருந்தாலும் சரி" என்றார்.

அது ஒரு சட்டம். இன்னொன்று, ஸ்டிக்கர் இல்லாத டப்பா மேசையை விட்டு எழும்பவே கூடாது. இந்த இரண்டிலும் கொஞ்சம் பிசகினாலும் கத்துவார். கோபக்காரர்தான், அதை மறைக்க மாட்டேன். ஒருமுறை மும்தாஜை அழவைத்துவிட்டு, சாயங்காலம் வரை யாரிடமும் பேசாமல் மூக்குப்பொடி போட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் அவளுக்கு முதுகு சாய்கிற நாற்காலி வந்திருந்தது. மேசையில் மீதி இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் அதே பழைய ஸ்டூல்தான். "நாங்களும் அழுதா நாற்காலி கெடைக்குமாண்ணா" என்று கேட்டதற்கு, "வரிசையா அழுங்க, மொத்தமா அழுதா கம்பெனி தாங்காது" என்றார்.

அண்ணனுக்கு இளவயதிலிருந்தே கை நடுக்கம். இது வீட்டாருக்குத் தெரியும். டீ கிளாஸை இரண்டு கையாலும்தான் பிடிப்பார். அதனால் அத்தனை வருஷத்தில் அவர் ஒரு ஸ்டிக்கர் கூட ஒட்டியதில்லை. "நான் ஒட்டினா பூகம்பத்துல வந்த சரக்கு மாதிரி இருக்கும்" என்று அவரே சிரிப்பார்.

மேசையில் நாங்கள் மூன்று பேர். மும்தாஜ், நான், ரத்னம்மா. ரத்னம்மா கன்னடக்காரர், எங்களைவிட மூத்தவர். மூன்று பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் அண்ணன் ஒரு கரும்பலகையில் கேமுக்குப் பெயர் எழுதாமல் நடுங்குகிற கையால் படம் போடுவார். பந்து, கார், கத்தி. பந்து எப்போதும் பலாப்பழம் மாதிரி இருக்கும். பக்கத்தில் நாலு கட்டம். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா, நாம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த கேம் அங்கே விற்பனைக்கு வருகிற தேதி. நாலும் ஒன்றாக இருந்ததே இல்லை. நம்முடைய கட்டம்தான் எப்போதும் கடைசி.

"ஒரே கேம்தானேண்ணா" என்று மும்தாஜ் ஒருநாள் கேட்டாள். "ஜப்பான்காரன் ஆடி முடிச்சு, அமெரிக்காகாரன் ஆடி முடிச்சு, எச்சில் தட்டு மாதிரி நம்மகிட்ட வருது. நாம என்னா பாவம் பண்ணினோம்?"

"பாவம் இல்ல புள்ள. டி.வி." என்றார் அண்ணன். "அவங்க ஊரு டி.வி. ஒரு செகண்டுக்கு அறுபது தடவை கண்ண சிமிட்டும். நம்ம ஊரு டி.வி.யும் ஐரோப்பா டி.வி.யும் அம்பது தடவைதான். அங்க தெச்ச சட்டை இங்க பத்தாது. பிரிச்சுத் திருப்பித் தெக்கணும். இல்லன்னா ஓடறவன் நொண்டுவான், பாட்டு இழுக்கும்."

"அப்ப ஐரோப்பா கூடவே நமக்கும் வரணுமே."

அண்ணன் எழுந்து போய், சோதனைக்கு வைத்திருந்த டி.வி.யில் ஒரு கேமைப் போட்டுக் காட்டினார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஐந்து கொடி வந்தது. "ஒவ்வொரு கொடிக்கும் ஒரு பாஷை. ஒவ்வொரு பாஷைக்கும் ஆளுங்க உக்காந்து எழுதணும், குரல் குடுக்கணும். ஒருத்தனுக்கு ஜலதோஷம் பிடிச்சா அஞ்சு ஊரும் காத்திருக்கும். அப்புறம் ஒவ்வொரு ஊருலயும் ஒரு ஆபீசு, எத்தனை வயசு பசங்க ஆடலாம்னு பாத்து முத்திரை போட. ஜெர்மனிகாரன் ரத்தமே காட்டக் கூடாதுன்னுவான். அவனுக்கு ரத்தத்த தொடச்சு அனுப்பணும்."

"யாரு தொடைப்பாங்க? அங்கயும் நம்மள மாதிரி மேசை போட்டு மூணு பொம்பளைங்களா?" என்றாள் மும்தாஜ்.

ரத்னம்மா கொடிகளை எண்ணிவிட்டு, "கன்னடா எல்லி?" என்றார். கன்னடம் எங்கே என்று கேட்கிறார்.

"இல்ல ரத்னம்மா. கன்னடமும் இல்ல, தமிழும் இல்ல. நாம ஐரோப்பாவோட பொட்டியில ஓரமா உக்காந்து வர்றோம். அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நாம காத்திருக்கணும். அவங்க பேசறது ஒரு வார்த்தை நமக்குப் புரியாது. ஆனா காத்திருக்கணும்."

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, ரயில் ஏன் நிற்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை, ஜப்பானில் வியாழக்கிழமை, ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பழக்கம் என்பார். நமக்கு, கப்பலோ விமானமோ வந்து, கஸ்டம்ஸ் முடிந்து, லாரி வந்து, நீங்கள் மூன்று பேரும் ஒட்டி முடிக்கிற நாள் என்பார்.

எனக்குக் கடைசி வரை புரியாதது ஒன்றுதான். சரக்கு வந்து, ஒட்டி, கட்டி, பூட்டின பிறகும் சில கேமை அனுப்ப மாட்டார். கேம் பண்ணுகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு தேதி சொல்லியிருக்கும். அந்த நாள் வரை குடோனில் கிடக்கும். ஒருமுறை பெரிய கடைக்காரர் ஒருவர் மைசூர்பாக் டப்பாவோடு வந்து, ஒரே ஒருநாள் முன்னால் கொடுங்கள் என்று கெஞ்சினார். அண்ணன் மைசூர்பாக்கைத் திறந்து எங்கள் மேசையில் வைத்தார். கடைக்காரர் முகம் மலர்ந்தது. "சாப்பிடுங்க சார், நீங்களும்" என்று அவருக்கும் ஒன்று கொடுத்து, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"பாவம்ணா, ஒருநாள்தானே" என்றேன் நான்.

"ஒருத்தனுக்கு முன்னாடி குடுத்தா, மீதி அத்தனை பேருக்கும் நாம லேட்டா குடுத்ததா ஆயிடும்மா" என்றார்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு ஃபுட்பால் கேம் வந்தது. மர்பி டவுன், அல்சூர் பக்கம் ஃபுட்பால் என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்த கேம் ஜப்பானில் எப்போதோ வந்துவிட்டது. எங்களுக்குப் போட்டியாக அல்சூரில் இருந்த பார்லர்காரர் அதைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துவிட்டார். எங்கள் பார்லரில் ஈ ஓட்ட ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் முதலில் ஒரு மெஷினை அணைத்தார். அப்புறம் இரண்டாவதை. அணைத்த டி.வி.க்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தே இருப்பார்.

"உங்க குடோன்ல அது கெடக்குதா இல்லையா?" என்றார்.

"கெடக்குது. இன்னும் பன்னெண்டு நாள். அப்புறம் எல்லாருக்கும் வந்திரும்."

"பன்னெண்டு நாள்ல இந்த மெஷின் இங்க இருக்காது. கடன் குடுத்தவன் தூக்கிட்டுப் போயிருப்பான்."

"சவரி அண்ணன் விடமாட்டாங்க."

"அவருகிட்ட கேளுன்னு நான் சொல்லலையே."

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உலகம் முழுக்க ஆடுகிறார்கள். ஜப்பானில் பழசாகிவிட்ட பண்டம். நம் கட்டம் கடைசிக் கட்டம் என்பதால் மட்டும் பூட்டி வைத்திருக்கிறது. இதை எடுத்தால் திருட்டு எப்படி ஆகும் என்று.

வருகிற வழியில் நசுங்கிய டப்பாக்களை நாங்கள் தனியாக வைப்போம். அவற்றுக்கு ஸ்டிக்கர் கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் ஒரு நல்ல டப்பாவை எடுத்து, மேசை விளிம்பில் இடித்து மூலையை நசுக்கினேன். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள் கிழிந்தது, அதை உருவிப் போட்டேன். நசுங்கிய கணக்கில் சேர்த்தேன். மத்தியானம் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். டப்பாவின் பின்பக்கம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஸ்டிக்கர். நான் ஒட்டியிருக்கிறேன். எப்போது ஒட்டினேன் என்று இந்த நிமிஷம் வரை ஞாபகமில்லை. என் கை தானாகச் செய்திருக்கிறது. ஸ்டிக்கர் இல்லாமல் இருந்திருந்தால், அதுவும் சிங்கப்பூர் சரக்கு என்று போயிருக்கும். நகத்தால் சுரண்டினேன். ஒரு மூலை கூட எழும்பவில்லை. நன்றாக ஒட்டியிருந்தேன்.

"சன்னல்ல மட்டும் வெக்காதீங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சரி என்றார். மறுநாள் சன்னலில் வைத்துவிட்டார். பசங்கள் பார்த்தால்தானே வருவார்கள். வந்தார்கள். முறைக்குக் காத்திருந்தவர்கள் மற்ற மெஷினில் பழைய கேம் ஆட, நாலு மெஷினும் ஓடியது. நாலு நாள்.

ஐந்தாம் நாள் காலையில் மேனேஜர் குடோனுக்கு வந்தார். கூடவே, அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காகப் பம்பாயிலிருந்து வந்த ஒருவர். கடைகளையும் பார்லர்களையும் சுற்றிப் பார்க்க வந்தவராம். மேனேஜர் அந்த டப்பாவை எங்கள் மேசை நடுவில் வைத்தார்.

"யாரு மாடித்து இது?" என்றார். யார் செய்தது என்று கேட்கிறார். பிறகு தமிழில், "மர்பி டவுன்ல ஒரு பார்லர் சன்னல்ல இருந்துச்சு. நம்ம ஸ்டிக்கரோட. யார் குடுத்ததுன்னு அந்த ஆளு சொல்லமாட்டேங்கறான். மத்தியானத்துக்குள்ள எனக்கு ஆளு தெரியணும். இல்லன்னா மேசையே காலி. மூணு பேரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

பார்லர்காரர் என் புருஷன் என்று மேனேஜருக்குத் தெரியாது. மும்தாஜுக்குத் தெரியும். ரத்னம்மாவுக்குத் தெரியும். சவரி அண்ணனுக்குத் தெரியும். மர்பி டவுன் என்ற வார்த்தை விழுந்ததும் மும்தாஜின் கை நின்றது. ரத்னம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் டப்பாவைத் தூக்கினார். திருப்பினார். ஸ்டிக்கரைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து குடோனை விட்டுப் போகும் வரை ஒரு தடவை கூட என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால் மேனேஜரும் பார்த்திருப்பார்.

"இது நான் ஒட்டினது சார்" என்றார். "நான்தான் குடுத்தேன்."

ஸ்டிக்கர் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. டப்பா அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் கவனித்தோம். என் வாய்க்குள் வார்த்தை இருந்தது. "இல்ல சார், நான்" என்று மூன்றே சொல். அதைச் சொல்ல அன்றைக்குக் காலை முழுவதும் நேரம் இருந்தது. அவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது நேரம் இருந்தது. சாவிக்கொத்தை மேசையில் வைத்தபோது இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பூட்டு திறக்கக் கூடாது, ரத்னம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினபோதும் இருந்தது. படியில் அவர் செருப்புச் சத்தம் மரக்கடை வரைக்கும் கேட்டது. அப்புறம் ரம்பம் ஓடுகிற சத்தம்.

நான் சொல்லவில்லை. அதற்கப்புறமும் இரண்டு வருஷம் அதே மேசையில் உட்கார்ந்து ஒட்டினேன்.

அடுத்து ஒரு கார் கேம் வந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் சொன்ன தேதியில் வந்தது. எங்கள் கம்பெனிக்குத் தண்டனையாக, பெங்களூருக்கு மட்டும் மூன்று வாரம் கழித்துத்தான் கொடுத்தார்கள். எங்கள் பார்லரிலேயே பசங்கள் பேசிக்கொண்டார்கள், ஏன் நம் ஊருக்கு மட்டும் லேட்டு என்று. ஒருத்தன் கஸ்டம்ஸ் என்றான். ஒருத்தன் கப்பல் என்றான். டி.வி. வேற, பாஷை வேற என்று அண்ணன் சொன்ன காரணம் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஒரு கேமுக்கு அது எதுவும் காரணமில்லை. நான்தான் காரணம். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பார்லர் அப்படியும் நிலைக்கவில்லை, மூடினோம். வீட்டுக்காரர் இப்போது சாமான் ஆட்டோ ஓட்டுகிறார். அண்ணன் சந்தாபுரா பக்கம் ஒரு ஃபேக்டரியில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அந்த வயதில். அதற்கப்புறம் காக்கிச் சட்டை போட்ட முதுகு எதைப் பார்த்தாலும் அவர்தான். பஸ்ஸில் அப்படி ஒரு முதுகு முன்னால் நின்றால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஸ்டிக்கர் பொட்டைப் பிரித்து நெற்றிக்குக் கொண்டுபோவேன். மூஞ்சி மேல ஒட்டாதே என்று காதுக்குப் பக்கத்தில் கேட்கும். கை அப்படியே நிற்கும். குங்குமத்துக்கு மாறிவிட்டேன். வீட்டில் ஏன் என்று கேட்டதற்கு அரிக்கிறது என்று சொன்னேன்.

ஒரே ஒருமுறை நேருக்கு நேர் பார்த்தேன். இரண்டாயிரத்து ஏழில், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில். ஓட முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார். இளைத்திருந்தார்.

"பார்லர் ஓடுதாம்மா?" என்று கேட்டார். முதல் வார்த்தை அதுதான்.

"மூடிட்டோம்ணா."

"அடடா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எதனால் அவர் வேலை போனதோ அதுவும் போய்விட்டது என்று வருத்தப்பட்டார்.

"இப்பல்லாம் சில கேமு எல்லா ஊருக்கும் ஒரே நாள்ல வருதாமே? ஃபேக்டரியில பசங்க பேசிக்கிட்டாங்க" என்றார்.

"தெரியலண்ணா."

"வரட்டும். நல்லதுதான். காத்திருக்க வெக்கிறதுனாலதான் மனுசன் தப்பு பண்றான்."

அவர் பஸ் வந்துவிட்டது. "அண்ணா" என்று கூப்பிட்டேன். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார். ஜனங்கள் இடித்தார்கள். "ஒடம்ப பாத்துக்கோங்க" என்றேன். அந்த மூன்று சொல்லைச் சொல்லாமல் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஏறிப் போனார். அதற்கப்புறம் அவரைப் போஸ்டரில்தான் பார்த்தேன்.

மும்தாஜ் போன் செய்த மறுநாள் காலை லிங்கராஜபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிலோமினா அக்காவை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மாலை போட்ட போட்டோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா நீ?"

"கஸ்தூரி. குடோன்ல அண்ணன்கூட வேலை பாத்தேங்க."

அவர் முகம் மூடிக்கொண்டது. "குடோன் ஆளுங்களுக்குச் சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "அங்கதானே எங்க மானம் போச்சு. எங்கண்ணன் அதுக்கப்புறம் இந்த வாசல் ஏறல. நான் ரெண்டு வருஷம் அவருக்குக் கையால சோறு போடல தெரியுமா. பாத்திரத்த முன்னாடி வெச்சிட்டுப் போயிடுவேன். அவரே போட்டுக்குவாரு. அந்தக் கை நடுக்கத்தோட. தரையெல்லாம் சிந்தும். ஒருநாள் கூட, நான் செய்யலன்னு சொல்லல."

அங்கே வைத்துத்தான் சொன்னேன். இங்கே எழுதியிருப்பது எல்லாவற்றையும், வரிசையாக. ஸ்டிக்கர் வரைக்கும் சொன்னேன். முடித்ததும் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"உனக்கும் அவருக்கும் என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. யாரும் ஒத்துக்கலன்னா மூணு பேருக்கும் வேலை போயிருக்கும். அதுக்காகத்தான்."

"எனக்குக்கூட சொல்லலையே" என்றார். அது என்னிடம் கேட்டதில்லை. போட்டோவைப் பார்த்துக் கேட்டார். "நான் யாருகிட்ட போயி சொல்லப்போறேன்? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" இதையே இரண்டு மூன்று தடவை, மெதுவாக, பதில் வருகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அதற்கு மேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. எழுந்தேன்.

"நில்லு" என்றார். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுட்டுப் போகாதே. முப்பதாம் நாள் பூசைக்கு எல்லாரும் வருவாங்க. எங்கண்ணனையும் வரச் சொல்றேன். எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லு. வாயில வராதுன்னா எழுதிக் கொண்டுவந்து படி. அதுவரைக்கும் என் கண்ணுல படாதே."

சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். தெருமுனைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். பிலோமினா அக்கா செருப்பில்லாமல் தெருவுக்கு வந்திருந்தார். தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அக்கா அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டினார். ஒரு அம்மா வெளியே வந்தார். "எங்க வீட்டுக்காரரு திருடல" என்று அக்கா சொன்னது எனக்குத் தெருமுனை வரை கேட்டது. அழுது சொல்லவில்லை. பால் வந்திருச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னார். எதிர்வீட்டுக்குப் போனார். "எங்க வீட்டுக்காரரு திருடல." அப்புறம் அதற்கு அடுத்த வீடு. முப்பதாம் நாள் வரைக்கும் அவரால் காத்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு கேட்டாகத் திறந்தது. ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. நான் நகரவில்லை. கடைசி வீடு வரைக்கும் அவர் போய் முடிக்கட்டும் என்று வெயிலில் நின்றேன்.

அதனால் இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரிந்தவர்களும் என் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு இதைப் படிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "என்னையும் சொல்லுவியா" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சொல்லுவேன் என்றேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். போகட்டும்.

சவரிராஜ் அண்ணன் எதையும் திருடவில்லை. திருடியது கஸ்தூரி.

அண்ணா, ஆறு வருஷம் நீங்கள் சுமந்தது உங்களுடையது இல்லை. இப்போது எல்லோர் முன்னாலும் அதை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன். வெறுங்கையோடு போங்கள்.